படிப்புக்கு நடுவே ஓய்வு

 

எஸ்.டி.பி.எம். சோதனைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டை வெளியிலிருந்தே கண்டுகொள்ளலாம். நள்ளிரவு கடந்தும் ஓர் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். தொலைக்காட்சியின் ஒலி அடங்கியிருக்கும். உறவினர் யாரேனும் வந்தால், "பிள்ளைக்குச் சோதனை" என்று தாய் குரலைத் தாழ்த்திச் சொல்வார். வந்தவரும் தேநீரை அவசரமாகக் குடித்துவிட்டுப் புறப்படுவார். இந்த அக்கறையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த விளக்கின் கீழ் அமர்ந்திருக்கும் பிள்ளை உண்மையிலேயே படித்துக்கொண்டிருக்கிறதா, அல்லது ஒரே பக்கத்தை நான்காவது தடவையாகக் கண்ணால் தடவிக்கொண்டிருக்கிறதா என்பதனை நாம் யாரும் எட்டிப் பார்த்து அறிவதில்லை. விளக்கு எரிந்தால் படிப்பு நடக்கிறது என்று நம்பிவிடுகிறோம்.

இன்றைய உரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், படிப்புக்கு நடுவே கொள்ளவேண்டிய ஓய்வு. "ஓய்வெடுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லியா கொடுக்கவேண்டும்?" என்று சில பெற்றோர் சிரிப்பது நமக்குக் கேட்கிறது. சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். சரியாகப் படிப்பது எவ்வளவு கடினமோ அவ்வளவு கடினம் சரியாக ஓய்வெடுப்பதும்.

முதலில், இந்தச் சோதனை நம் பிள்ளைகளுக்கு ஏன் இத்தனை பாரமாக இருக்கிறது என்று பார்ப்போம். எச்.எஸ்.சி. என்று நம்மில் மூத்தவர்கள் அறிந்திருந்த சோதனைதான் 1982ஆம் ஆண்டு முதல் எஸ்.டி.பி.எம். என்று பெயர் பெற்றது. பல்கலைக்கழகத்துக்குப் போகக் குறைந்த செலவில் கிடைக்கும் பாதைகளுள் இதுவும் ஒன்று. தனியார் கல்லூரிக்குக் கட்டணம் கட்ட இயலாத குடும்பத்தில், தாயின் சங்கிலியை அடகுக் கடைக்கு அனுப்பாமல் பட்டம் பெற வழி உண்டென்றால் அது பெரும்பாலும் ஆறாம் படிவத்தின் வழியாகத்தான். ஆகவே, புத்தகத்தைத் திறக்கும் பிள்ளை பொருளியலையும் வரலாற்றையும் மட்டும் தூக்கிச் சுமப்பதில்லை. வீட்டுக் கடன், தம்பி தங்கையின் எதிர்காலம், "நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி" என்று அப்பா சாப்பாட்டுக் கடையில் சொல்லிவைத்த பெருமை, இவை எல்லாமும் சேர்ந்து அந்த மேசை மேல் உட்கார்ந்திருக்கின்றன.

முன்பெல்லாம் இரண்டு ஆண்டுப் படிப்பும் கடைசியில் ஒரே சோதனையில் முடிந்தது. 2012ஆம் ஆண்டு ஆறாம் படிவத்தில் சேர்ந்தவர்கள் தொடங்கி இது மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு சோதனை. அதற்கு இடையில் பள்ளியிலேயே செய்து ஒப்படைக்கவேண்டிய பணிகள். இவை போதாவென்று முயேட் என்னும் ஆங்கிலத் தேர்வு. ஒரே நாளில் தலைவிதி முடிவாகும் அச்சம் இதனால் குறைந்தது உண்மை. ஆனால் வேறொரு தொல்லை வந்து சேர்ந்தது. பழைய முறையில் கடைசி மூன்று மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இப்பொழுது ஒன்றரை ஆண்டுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட முயல்கிறார்கள். அப்படி யாராலும் ஓட இயலாது. முதல் தவணையில் நல்ல புள்ளிகள் எடுத்த மாணவி இரண்டாம் தவணையில் சறுக்கும்பொழுது, "திமிர் வந்துவிட்டது" என்று வீட்டில் ஏசுகிறார்கள். பெரும்பாலும் வந்தது திமிர் அல்ல, களைப்பு.

இந்தக் களைப்பு, ஓர் இரவு தூங்கினால் தீர்ந்துவிடும் சாதாரணக் களைப்பன்று. நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் என்னும் உளவியல் அறிஞர், ஆர்வத்தோடு வந்த ஊழியர்களே சில மாதங்களில் உள்ளுக்குள் வற்றிப்போவதைக் கண்டு, 1974ஆம் ஆண்டில் அதைப்பற்றி எழுதினார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அம்மையார் அதற்கு மூன்று அடையாளங்களை வகுத்துக் காட்டினார். உடலும் மனமும் ஓய்ந்துபோதல் ஒன்று. செய்யும் வேலையின் மீதே வெறுப்பும் அலட்சியமும் தோன்றுதல் மற்றொன்று. "என்னால் எதுவும் ஆகாது" என்ற எண்ணம் மூன்றாவது. உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் இதைத் தன் நோய் வகைப் பட்டியலில் விளக்கியபோது, தொழில் செய்யும் இடத்துக்குரிய நிலை என்றுதான் குறித்தது. நோய் என்று சொல்லவில்லை. இருப்பினும், படிப்பைத் தொழிலாகக் கொண்டவர் மாணவர் அல்லவா? விளக்கில் எண்ணெய் தீர்ந்த பிறகும் சுடர் கொஞ்ச நேரம் எரியும். அப்பொழுது எரிவது எண்ணெய் அல்ல, திரி. நாம் பேசுவது அந்தத் திரி கருகும் நிலையைப் பற்றி.

நம் மக்களில் பலருக்கு இதை விளக்க வெளிநாட்டு அறிஞர் தேவையில்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களைக் கேட்டாலே போதும். மரத்தை நாள்தோறும் வெட்டினால் பால் கூடுதலாகக் கிடைக்கும் என்றுதான் புதிதாக வருபவர் நினைப்பார். சில நாள் கிடைக்கவும் செய்யும். ஆனால், ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டுவதே நெடுங்காலமாகப் பல தோட்டங்களில் வழக்கம். வெட்டிய பட்டையில் வடிந்த பாலை மரம் மறுபடியும் ஊறவைத்துக்கொள்ள அவகாசம் வேண்டும். அந்த அவகாசம் கொடுக்காமல் மேன்மேலும் வெட்டினால் பட்டை வறண்டுவிடும். கத்தி படும், பால் வராது. அப்படி வறண்ட மரத்தை எத்தனை ஆழமாக வெட்டியும் பயனில்லை. மாதக்கணக்கில் விட்டுவைக்க வேண்டியதுதான், அதன் பிறகும் எல்லா மரமும் தேறுவதில்லை.

இதில் நாம் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. மரத்துக்கு ஒருநாள் ஓய்வு, ஆனால் வெட்டுபவருக்கு? அவர் இன்று இந்த நிரை, நாளை அடுத்த நிரை என்று போய்க்கொண்டே இருப்பார். மாணவர்கள் பலர் செய்வது இதைத்தான். பொருளியலில் களைத்தால் உடனே வரலாற்றை எடுக்கிறார்கள், வரலாற்றில் களைத்தால் பொதுப் பாடத்தை எடுக்கிறார்கள். "பாடத்தை மாற்றினால் அதுவே ஓய்வு" என்று ஆசிரியர்கள் சிலரும் சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை. பாடத்துக்கு ஓய்வு கிடைக்கிறது; படிப்பவருக்குக் கிடைப்பதில்லை.

சரி, ஓய்வெடுத்தால் படித்தது மறந்துபோகாதா என்று கேட்கலாம். இதற்கு நூறாண்டுக்கும் மேலான விடை இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் 1885ஆம் ஆண்டு நினைவாற்றலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளைக் கோவையாக எழுதி, தாமே மனனம் செய்து, தம்மையே சோதித்துப் பார்த்தவர் அவர். பன்னிரண்டு அசைகள் கொண்ட கோவையை ஒரே நாளில் தொடர்ந்து 68 தடவை ஓதினால் மறுநாள் எவ்வளவு நினைவில் நின்றதோ, ஏறக்குறைய அதே பலன், மூன்று நாள்களில் பிரித்து மொத்தம் 38 தடவை ஓதியபோதே கிடைத்துவிட்டது என்று கண்டார். முப்பது தடவை மிச்சம்! இடைவெளி விட்டுப் படிப்பது சோம்பேறித்தனம் என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கட்டும். ஒரே இரவில் ஒரு பாடத்தை முடித்துவிட வேண்டும் என்ற வீராப்பு, 38 வெள்ளிக்குக் கிடைக்கும் பொருளை 68 வெள்ளி கொடுத்து வாங்குவது போன்றது.

அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் 1924ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு தூக்கத்தைப் பற்றியது. இரண்டே இரண்டு மாணவர்களை வைத்து நடத்திய சிறிய சோதனைதான். மனனம் செய்தபின் சில மணி நேரம் தூங்கி எழுந்தபோது நினைவில் நின்றது, அதே அளவு நேரம் விழித்திருந்தபோது நின்றதைவிடக் கூடுதலாக இருந்தது. அதன் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக ஆராய்ந்துவிட்டார்கள். தூங்கும்பொழுது மூளை சும்மா கிடப்பதில்லை, பகலில் சேர்த்ததை அடுக்கி உறுதிப்படுத்துகிறது என்பதே இன்றைய கருத்து. ஆதலின், தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது, கடையில் வாங்கிய சாமான்களை வீட்டுக்குள் எடுத்துவைக்காமல் வாசலிலேயே போட்டுவிட்டு மீண்டும் கடைக்கு ஓடுவதற்கு ஒப்பாகும்.

எத்தனை மணி நேரம் தூங்கவேண்டும்? 13 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரம் என்றும், அதற்கு மேற்பட்ட வயதினருக்கு 7 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்றும் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் பரிந்துரைத்திருக்கிறது. "இது வெள்ளைக்காரன் கணக்கு, நம் வீட்டில் நடக்குமா?" என்பீர்கள். நடக்காத வீடுகள் உண்டு என்பதை அறிவோம். ஆயினும் ஐந்து மணி நேரத் தூக்கத்தைப் பெருமையாகப் பேசும் வழக்கத்தையாவது விட்டுவிடலாம். இன்னொன்று, இரவு பத்து மணிக்குக் குடிக்கும் கறுப்புக் கோப்பி. அதிலுள்ள கஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருக்கும். அப்படியானால் விடியற்காலை மூன்று மணிக்கும் அரைக் கோப்பை கோப்பி உடம்புக்குள் இருக்கிறது. படுத்தும் தூக்கம் வராததற்குப் பிள்ளை வேறு காரணம் தேடிக்கொண்டிருக்கும்!

இனி, பகல் நேரத்து ஓய்வுக்கு வருவோம். இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் மாணவராக இருந்தபோது, 1980களின் இறுதியில், சமையலறையில் பயன்படும் தக்காளி வடிவக் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு படித்தார். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு. தக்காளிக்கு இத்தாலிய மொழியில் பொமடோரோ என்று பெயர். அந்த முறைக்கும் அதுவே பெயராயிற்று. 25 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. கணக்குப் போடுகிறவருக்கு அது போதாது. ஒரு கணக்கின் நடுவில் மணி அடித்தால் எரிச்சல்தான் வரும். நம் அனுபவத்தில், ஆறாம் படிவ மாணவர்களுக்கு 45 அல்லது 50 நிமிடப் படிப்பும் 10 நிமிட ஓய்வும் ஒத்துவருகிறது. எண்ணைவிட முக்கியம், ஓய்வு எப்பொழுது தொடங்கும், எப்பொழுது முடியும் என்று முன்னதாகவே தீர்மானித்துவிடுவது. களைத்த பிறகு எடுக்கும் ஓய்வுக்கு முடிவு தெரிவதில்லை. சாய்ந்தவர் சாய்ந்தவர்தான்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது? இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கைப்பேசியை எடுக்கிறார்கள். கண் மறுபடியும் ஒரு முழத் தொலைவிலேயே நிற்கிறது. அருகில் உள்ளதைப் பார்க்கக் கண்ணுக்குள் இருக்கும் சிறு தசை இறுகித்தான் ஆகவேண்டும். தொலைவில் பார்க்கும்பொழுதுதான் அது தளர்கிறது. மனமும் அப்படியே. ஒரு நிமிடத்தில் யாரோ ஒருவரின் திருமணம், அடுத்த நிமிடத்தில் சண்டை, அதற்கடுத்து நகைச்சுவை என்று பத்து நிமிடத்தில் முப்பது காட்சிகளைப் பார்த்தவர் புத்தகத்துக்குத் திரும்பும்பொழுது, படித்தவற்றோடு அந்த முப்பதும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அதைவிட, எழுந்து நடங்கள். முகம் கழுவுங்கள். சன்னலருகே நின்று எதிர் அடுக்குமாடியின் கூரையையோ செம்பனை மரத்தின் உச்சியையோ பாருங்கள். காயும் துணியை எடுத்து மடித்துவையுங்கள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு கட்டு ஆய்ந்து கொடுங்கள். பேச்சும் ஆகும், வேலையும் ஆகும். ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

சாயங்கால விளையாட்டை நிறுத்திவிடுவது இன்னொரு வழக்கம். ஐந்தாம் படிவம் வரை பூப்பந்தும் காற்பந்தும் ஆடிய பிள்ளை, ஆறாம் படிவம் வந்ததும் மட்டையைப் பரண் மேல் போட்டுவிடுகிறது. பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான புள்ளிக் கணக்கில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியது என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். எந்தத் துறையில் இடம் என்பதை அரைப் புள்ளியே முடிவு செய்யும் இக்காலத்தில், திடலுக்குப் போவது படிப்புக்குப் பகையாகாது. மேலும், வாரத்தில் அரை நாளாவது புத்தகத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. வெள்ளிக்கிழமை மாலை கோவிலுக்குப் போவதோ, ஞாயிற்றுக்கிழமை பாட்டியைப் பார்க்கப் போவதோ, எதுவாயினும் சரி. சில ஆண்டுகளில் தீபாவளி சோதனை நாள்களை ஒட்டியே வந்துவிடுகிறது. அன்றைக்கும் அறையைப் பூட்டிக்கொண்டு படிக்கும் பிள்ளைகள் உண்டு. முறுக்கு வாசனை வரும் வீட்டில் எந்தப் பிள்ளைக்கு வணிகவியல் தலையில் ஏறும்? காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பசியாறி, பெரியவர்களை வணங்கி, அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருங்கள். மறுநாள் விடிந்ததும் உட்காருங்கள்.

எல்லாருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். படிப்பு தொடங்குவதற்கு முன்பே ஓய்வு தொடங்கிவிடும் மாணவர்களும் இருக்கிறார்கள். மேசையைத் துடைத்து, பென்சிலைச் சீவி, கால அட்டவணைக்கு நான்கு வண்ணங்களில் கோடு போட்டு, களைத்துப்போய்ப் படுத்துக்கொள்வார்கள். நம் உரை அவர்களுக்கு ஆதரவு என்று அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுபுறம், பள்ளி முடிந்து மாமாவின் கடையில் வேலை பார்த்து, வீடு திரும்பித் தம்பிக்குச் சோறு போட்டு, இரவு ஒன்பதுக்குமேல் புத்தகத்தைத் திறக்கும் மாணவி இருக்கிறாள். அவளிடம் போய், "ஓய்வெடு, அம்மா" என்று சொல்வது கேலி போலாகும். அவளுக்கு வேண்டியது, வீட்டு வேலையில் பாதியை வேறு யாராவது ஏற்றுக்கொள்வது. அண்ணன்மார்கள் இதைக் காதில் வாங்கிக்கொண்டால் நல்லது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஓய்வெடுக்கும் பிள்ளையைப் பார்த்து, "படிக்கவில்லையா?" என்று கேட்காதீர்கள். ஒரே சொல்தான், ஆனால் அந்தப் பத்து நிமிட ஓய்வையும் அது கெடுத்துவிடும். குற்ற உணர்ச்சியோடு எடுக்கும் ஓய்வில் உடம்புதான் சாய்ந்திருக்கும், மனம் நின்றுகொண்டே இருக்கும். பிள்ளைகள் நாளடைவில் ஒரு தந்திரம் கற்றுக்கொள்வார்கள்: புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே ஓய்வெடுப்பார்கள். அது ஓய்வும் அன்று, படிப்பும் அன்று. எதிர்வீட்டுப் பிள்ளையின் புள்ளியை எடுத்துச் சொல்வதும் அவ்வாறே. எதிர்வீட்டிலும் உங்கள் பிள்ளையைச் சொல்லித்தான் ஏசிக்கொண்டிருப்பார்கள்.

களைப்பு எல்லை மீறிவிட்டதை எப்படி அறிவது? முன்பு விரும்பிப் படித்த பாடமே கசக்கிறது. சிறு சொல்லுக்கும் அழுகையோ கோபமோ வருகிறது. சாப்பாடு இறங்குவதில்லை, அல்லது அளவுக்கு மீறி இறங்குகிறது. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்று சொல்கிறது பிள்ளை. படுத்தாலும் தூக்கமில்லை. இத்தகைய நிலை சோதனைக்கு முதல்நாள் யாருக்கும் வரலாம். அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஆனால், இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்தால், பள்ளியில் இருக்கும் வழிகாட்டி ஆலோசக ஆசிரியரிடமோ அரசாங்கச் சுகாதார நிலையத்தின் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். கண்ணேறு கழிக்க விரும்பினால் கழித்துவிட்டே போங்கள், தவறில்லை. ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள். "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்பது போன்ற ஒரு சொல் பிள்ளையின் வாயிலிருந்து வந்தால், இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே போகவேண்டும். வீட்டாரிடம் சொல்லத் தயங்கும் பிள்ளைகள், கோலாலம்பூரில் 1970ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிஃபிரெண்டர்ஸ் அமைப்புக்குத் தொலைபேசியில் பேசலாம். பெயரைச் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை.

ஒரு தவணையில் சறுக்கியவர்களுக்கு மறுதேர்வு எழுத வாய்ப்புண்டு என்பதையும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சறுக்கிய பிறகு சொன்னால் ஆறுதல் போலத்தான் ஒலிக்கும். முன்பே சொன்னால் அது வெறும் தகவல், மனம் அதை ஏற்றுக்கொள்ளும்.

கடைசி வாரத்துக்கு வருவோம். புதிய பாடம் எதையும் அப்பொழுது தொடங்க வேண்டாம். படித்ததையே புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிடத் தம்மைத்தாமே சோதித்துக்கொண்டவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். ஐந்தே நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும் வாசித்தவர்கள் முந்தினார்கள். அந்த ஐந்து நிமிட வெற்றிதான் நம்மை ஏமாற்றுகிறது. முதல்நாள் மாலை ஆறு மணியோடு புத்தகத்தை மூடிவிட்டு, அடையாள அட்டை, சோதனை அனுமதிச் சீட்டு, பேனா, கடிகாரம் ஆகியவற்றை ஒரு பையில் எடுத்துவைத்து, வழக்கமான நேரத்துக்குப் படுத்துவிடுங்கள். தூக்கம் உடனே வராவிட்டாலும் விளக்கைப் போடாமல் கண்ணை மூடிக் கிடங்கள்.

முயேட் தேர்வில் பேச்சுப் பகுதிக்கு வீட்டிலேயே பயிற்சி பெறுவது எப்படி என்பதனை அடுத்த உரையில் காண்போம்.